17,000 ரூபாயா, 54,000 ரூபாயா? வீடு மாற்றும் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் அங்கே வேலையில் சேர வேண்டும். மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேரவிருக்கிறாள். திருநெல்வேலி டவுனில், கீழ ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், மாமியார் தனியாக வசிக்கும் பழைய வளவு வீட்டுக்குக் குடும்பம் திரும்புகிறது. இடமாற்றச் செலவாக நிறுவனம் 30,000 ரூபாய் வரை, பில் கொடுத்தால், திருப்பித் தரும். அந்தத் தொகைக்குள் முடித்துவிட வேண்டும் என்பது வாசகியின் திட்டம்.

அவர் மூன்று இடங்களில் விலை கேட்டிருக்கிறார். இணையத்தில் கிடைத்த எண்ணில் பேசியவர், வீட்டைப் பார்க்காமலே, "எல்லாம் சேர்த்து 17,000, பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி கிடையாது, இ-வே பில்லுக்கு மட்டும் தனியாக 1,500" என்றிருக்கிறார். அவருக்கு 2,000 ரூபாய் முன்பணமும் போய்விட்டது. இரண்டாவது நிறுவனம் வீட்டுக்கு ஆளை அனுப்பிப் பார்த்து, 36,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், 4 லட்ச ரூபாய் மதிப்புக்கு 3 சதவீதம் 'இன்சூரன்ஸ்' என 12,000 ரூபாயும் கேட்டிருக்கிறது. மொத்தம் 54,480 ரூபாய். மூன்றாமவர் களக்காட்டிலிருந்து கோயம்பேட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வரும் 14 அடி லாரிக்காரர், உறவினர் வழியில் தெரிந்தவர். காலியாகத் திரும்பும் வண்டியில் 18,000 ரூபாய்க்கு ஏற்றிவருவதாகச் சொல்கிறார். கட்டுவதும் ஏற்றி இறக்குவதும் உங்கள் பாடு என்கிறார்.

கடிதத்தில் ஒரு பழைய காயமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு மே மாதம் நெல்லையிலிருந்து சென்னைக்குப் போனபோது, வண்டிக்காரர்கள் விக்கிரவாண்டி அருகே ஓரம் கட்டி, கூடுதலாக 6,000 ரூபாய் வாங்கிய பிறகே நகர்ந்தார்களாம். ஃபிரிட்ஜ் கதவு நசுங்கி வந்திருக்கிறது. "எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழக்கென்றால் டெல்லி நீதிமன்றத்தில்தான் என்று அதில் அச்சடித்திருந்தது. அதனால் விட்டுவிட்டோம். இந்த முறை எவ்வளவு ஒதுக்க வேண்டும், யாரை நம்ப வேண்டும், இன்சூரன்ஸ் தேவையா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. ஆனால் என்னென்ன சாமான் போகிறது என்ற பட்டியல் எங்கும் இல்லை. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, ஸ்கூட்டர் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே தவிர, எண்ணிக்கை சொல்லவில்லை. நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞராக நான் பார்த்த வரையில், வீடு மாற்றும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டையின் வழியாகத்தான் நுழைகின்றன. "நீங்கள் சொன்னதைவிடச் சாமான் அதிகம்" என்று நடுவழியில் ஒருவர் சொன்னால், அதை மறுக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது? 2019-இல் விக்கிரவாண்டியிலும் அந்த 6,000 ரூபாய்க்கு இதையேதான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ஆகவே யாரை நம்புவது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

பட்டியலை எப்படி எழுதுவது

பெரிய சாமான்களை எழுதுவது எளிது. வண்டியை நிரப்புவது சில்லறைச் சாமான்தான். அடுக்களையிலிருந்து மட்டும் எத்தனை அட்டைப்பெட்டி வரும் என்று எண்ணிப் பாருங்கள்; பத்துக்குக் குறையாது. பெட்டிகளுக்கு எண் இட்டு, எந்தப் பெட்டியில் என்ன என்று எழுதுங்கள். டி.வி.யையும் ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் ஓடும் நிலையில் வீடியோ எடுத்து, வரிசை எண் உள்ள ஒட்டுத்தாளையும் படம் பிடித்து வையுங்கள். மகளின் புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் அடுக்குங்கள். நான் பாளையங்கோட்டைக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அலுவலகத்தை மாற்றியபோது, சட்டப் புத்தகங்களை டி.வி. வந்த பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்தேன். லோடுமேன் தூக்கிய வேகத்தில் பெட்டி மட்டும் மேலே வந்தது, புத்தகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அடுத்ததாக, இறங்கும் இடத்தையும் பட்டியலில் சேருங்கள். உங்கள் மூன்று விலைகளிலும் இதை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ரத வீதி தேர் போகிற வீதி. 14 அடி வண்டி அங்கே தாராளமாக நிற்கும். ஆனால் நீங்கள் வர்ணித்திருக்கும் சந்தில், எதிரே ஒரு பைக் வந்தால் நடப்பவர் படியில் ஏறி நிற்க வேண்டும். லாரியிலிருந்து குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டிக்கு மாற்றி, அங்கிருந்து கைச்சுமையாக வளவுக்குள் கொண்டுபோக வேண்டும். இதை முன்கூட்டியே எழுதாவிட்டால், இறக்கும் நேரத்தில் "நடைக்கூலி" என்ற பெயரில் புதுப் பேச்சு தொடங்கும். அப்போது சாமான் பாதி வண்டியிலும் பாதி வீதியிலும் இருக்கும். பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று, உங்கள் அத்தையிடம் ஒரு இஞ்ச் டேப்பைக் கொடுத்து, வாசல் நிலையின் உயரத்தையும் அகலத்தையும், தார்சாவுக்குள் (முன்கூடத்துக்குள்) திரும்பும் இடத்தையும், மச்சுக்குப் போகும் படியின் அகலத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். பழைய வளவு வீட்டு நிலைகள் ஆளே குனிந்து நுழைய வேண்டியவை. உங்கள் ஸ்டீல் பீரோவும் ஃபிரிட்ஜும் உள்ளே போகாது என்று தெரிந்தால், அவற்றை 600 கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்து புறவாசலில் நிறுத்துவதைவிட அம்பத்தூரிலேயே விற்றுவிட்டு வருவது லாபம். அத்தையின் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஃபிரிட்ஜ் இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் நேரடியானது. 2019-இல் நெல்லையிலிருந்து சென்னைக்குப் போன அதே ஆட்டுரல் இப்போது திரும்பி வருகிறது என்று வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். அதை ஏற்ற ஓர் ஆளும் இறக்க ஓர் ஆளும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். மனம் ஒப்பாவிட்டால் கொண்டு வாருங்கள். பித்தளை அண்டாவும் ஆட்டுரலும் விலைக் கணக்கில் அடங்குகிற பொருள்கள் அல்ல என்பது எனக்கும் தெரியும்.

மூன்று விலையும் ஒரே வேலைக்கான விலை அல்ல

சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஏறக்குறைய 625 கிலோமீட்டர். 14 அடி வண்டி லிட்டருக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கே 60 முதல் 80 லிட்டர் டீசல் ஆகும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, டீசல் மட்டும் ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய். பரனூரில் தொடங்கிக் கயத்தாறுக்கு அருகிலுள்ள சாலைப்புதூர் வரை பத்துக்குக் குறையாத சுங்கச்சாவடிகள். ஓட்டுநர் பேட்டா, இரண்டு ஊரிலும் நான்கு நான்கு ஆட்கள், அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், பிறகு வண்டி திரும்பிப் போகும் செலவு. இத்தனையும் சேர்ந்து தனி வண்டியில் 17,000 ரூபாய்க்குள் எப்படி அடங்கும்?

அடங்கும் வழி ஒன்று உண்டு. உங்கள் சாமானோடு வேறு இரண்டு மூன்று குடும்பங்களின் சாமானையும் ஒரே வண்டியில் ஏற்றுவது. தொழிலில் இதைப் 'பார்ட் லோடு' என்பார்கள். இது மோசடி அல்ல. குறைந்த சாமான் உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடுகூட. ஆனால் சாமான் நடுவில் ஏதோ ஒரு குடோனில் இறங்கி, வேறு வண்டியில் ஏறும். எந்த நாளில் வந்து சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கண்ணாடிக்கு ஆபத்து உண்டு. அதைச் சொல்லி விற்றால் நேர்மை. சொல்லாமல் "எல்லாம் சேர்த்து" என்றால், மீதித் தொகை வழியில் எங்கோ காத்திருக்கிறது என்று பொருள்.

அந்த நபருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். தனி வண்டியா, பகிர்ந்த வண்டியா. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் என்ன. இணைத்துள்ள பட்டியலுக்கு, சந்து வழியாக வீட்டுக்குள் இறக்கித் தருவது உட்பட, எழுத்தில் உறுதியான தொகை எவ்வளவு என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்த ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், 15 இலக்கங்கள் கொண்டது. ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் எந்தப் பெயரில் பதிவானது என்று தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்; தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். அப்படி ஒரு நிறுவனமே இல்லை என்று தெரியவந்தால் சைபர் குற்ற எண்ணான 1930-க்குத் தாமதமின்றிச் சொல்லுங்கள். ஆனால் 2,000 ரூபாய் போய்விடக் கூடாது என்பதற்காக மொத்தச் சாமானையும் அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

இ-வே பில்லுக்கு, அதாவது சரக்கைக் கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டுக்கு, அவர் கேட்ட 1,500 ரூபாய்க்கு அடிப்படையே இல்லை. பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. நீங்கள் மாநில எல்லையையும் தாண்டவில்லை. ஸ்கூட்டருக்குத் தடையில்லாச் சான்று வேண்டும் என்று யாரேனும் சொன்னால் அதுவும் வேண்டாம். மாநிலத்துக்குள் இடம் மாறினால், 30 நாட்களுக்குள் புது முகவரியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்தால் போதும்.

லாரிக்காரர் ஜிஎஸ்டி போடவில்லை என்பதால் அவரைச் சந்தேகிக்கிறீர்கள். அது சரியல்ல. ஆண்டு மொத்த வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாத சேவையாளர் பதிவு செய்யவே வேண்டியதில்லை; சரக்கு ஏஜென்சியாக இல்லாமல் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுபவரின் சாலைப் போக்குவரத்துச் சேவைக்கு வரி விலக்கும் உண்டு. கட்டுதல், ஏற்றுதல், கொண்டு சேர்த்தல் என அனைத்தையும் சேர்த்துச் செய்யும் நிறுவனம் 18 சதவீதம் போடுவதும் வழக்கமானதே. இருவரும் தத்தம் முறையில் சரியாகவே இருக்கிறார்கள்.

இனி கணக்கைப் போடுவோம்

லாரிக்காரரின் 18,000 ரூபாயில் டீசலும் சுங்கமும் பேட்டாவும் அடக்கமா என்று முதலில் கேட்டு உறுதி செய்யுங்கள். அடக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு 1,000 ரூபாய் என்று அம்பத்தூரில் நான்கு பேருக்கு ஏற்றுகூலி 4,000, டவுனில் இறக்குகூலி 4,000. ரத வீதியிலிருந்து சந்துக்குள் குட்டி யானை 1,500. பெட்டி, பபிள் ஷீட், டேப் 3,000. ஏசியைக் கழற்றி மாட்ட 2,500. மொத்தம் 33,000 ரூபாய் ஆகிவிட்டது. வாரக் கணக்கில் நீங்கள் உட்கார்ந்து கட்டும் உழைப்பு இதில் சேரவில்லை. இந்தத் தொகைகளை அந்தந்த ஊர் நிலவரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். தலைப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது நிறுவனம் திருப்பித் தரும் தொகையைப் பாருங்கள். லாரி வாடகை ரசீதும் பெட்டி வாங்கிய பில்லும் சேர்ந்து 21,000 ரூபாய்க்குத்தான் தாள் இருக்கும். லோடுமேன் கூலிக்கு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய வவுச்சரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆகவே உங்கள் கையிலிருந்து போவது 12,000 ரூபாய்.

இரண்டாவது நிறுவனத்திடம் பேரம் பேசுங்கள். துணிமணியையும் பாத்திரங்களையும் நாங்களே கட்டிக்கொள்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், முகூர்த்த நாள் வேண்டாம், வார நடுவில் எந்த நாள் உங்களுக்கு வசதியோ அந்த நாள் என்று சொன்னால், 36,000 என்பது 32,000-க்கு இறங்க வாய்ப்பிருக்கிறது. ஜிஎஸ்டியோடு 37,760. ஏசிக்கும் குட்டி யானைக்கும் 4,000 சேர்த்தால் 41,760. முழு பில் இருப்பதால் நிறுவனம் 30,000-ஐயும் தரும். உங்கள் கையிலிருந்து போவது 11,760 ரூபாய்.

கடிதத்தில் 18,000-க்கும் 54,480-க்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வித்தியாசம், இப்படிப் போட்டுப் பார்த்தால் 240 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் கூடுதல் விலை கேட்டவருக்குச் சாதகமாக. பில் இல்லாமல் 18 சதவீதத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்தீர்கள். உங்கள் நிலையில் பில் இல்லாத ஒவ்வொரு ரூபாயும் உங்கள் சொந்த ரூபாய். கூலி வவுச்சரையும் ஏற்போம் என்று நிறுவனம் சொன்னால் கணக்கு லாரிக்காரர் பக்கம் சாயும். அதனால் எந்தெந்தத் தாளை ஏற்பார்கள் என்று உங்கள் கணவர் இன்றே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். இடமாற்றத்தின்போது வீட்டுச் சாமானைக் கட்டி அனுப்ப நிறுவனம் தரும் தொகைக்கு, உண்மையில் செலவான அளவுக்கு, வருமான வரி விலக்கும் உண்டு. அதற்கும் பில்தான் ஆதாரம்.

எந்த வழியில் போனாலும் 4,000 ரூபாயைக் கைக்காவலாகத் தனியே வையுங்கள். அம்பத்தூர் வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாவியைக் கொடுத்த பிறகு வெள்ளையடித்த செலவு, உடைந்த குழாய் என்று கழித்து வருகிற பணம் அது. லாரி வாசலில் நிற்கும்போது கையில் இருக்காது. மொத்தமாக 46,000 ரூபாய் கையில் புரள வேண்டும். 30,000 பின்னால் வரும் என்று திட்டமிடுங்கள்.

லாரிக்காரரைத் தேர்ந்தால் இரண்டு எச்சரிக்கைகள். வாழைத்தார் ஏற்றிய வண்டியின் தளத்தில் கறை பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். மெத்தையில் பட்டால் எந்தச் சோப்பிலும் போகாது. கழுவிக் காய்ந்த பிறகு, கீழே ஒரு தார்ப்பாயை விரித்துத்தான் ஏற்ற வேண்டும். இரண்டாவது இதைவிட முக்கியமானது. உங்கள் தம்பியும் நண்பரும் செலவைக் குறைக்க லாரியின் பின்னால் சாமானோடு வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ ஓட்டுநர் கேபினில் உள்ள இருக்கையில் வரலாம். அவருக்கு வண்டியின் காப்பீடு பொருந்தும். பின்னால் சாமான் மேல் உட்கார்ந்து வருபவருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்டு நிற்பது மிகவும் கடினம். தம்பி ஒருவர் மட்டும் கேபினில் வரட்டும்.

மூன்று சதவீதம் எதற்காக

'இன்சூரன்ஸ்' என்று சொல்லி வாங்கப்படும் தொகை இரண்டு வகைப்படும். ஒன்று, காப்பீட்டு நிறுவனம் உங்கள் பெயரில், உங்கள் பயணத்துக்கு என்று தரும் பாலிசி. அதற்கு எண் இருக்கும், சான்றிதழ் இருக்கும். மற்றொன்று, சரக்கு நிறுவனமே "நாங்கள் பொறுப்பு" என்று சொல்லி வாங்கிக்கொள்ளும் தொகை. பில்லில் 'எஃப்ஓவி' என்று இருக்கும். இரண்டாவது காப்பீடு அல்ல. 12,000 ரூபாய் கொடுக்கும் முன் பாலிசிச் சான்றிதழைக் கேளுங்கள். தயங்கினால் அது எந்த வகை என்று புரிந்துவிடும்.

அந்தத் தொகையைக் கட்டாவிட்டால் உடைந்ததற்குப் பொறுப்பே கிடையாது என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2011-ஆம் ஆண்டு மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசுத் தடை போன்ற சில காரணங்கள் நீங்கலாக, ஒப்படைத்த பொருளின் சேதத்துக்குச் சரக்கு ஏற்றுபவர் பொறுப்பாளி. அதிக மதிப்பை எழுதிக் கொடுக்காவிட்டால் அந்தப் பொறுப்பின் உச்சவரம்பு சரக்குக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு. உங்கள் 32,000 ரூபாயில் கட்டுகூலியைக் கழித்து, வண்டி வாடகை 20,000 என்று அவர்கள் வாதிட்டாலும் 2 லட்ச ரூபாய் வருகிறது. 4 லட்சம் என்பது நீங்கள் புதிதாக வாங்கிய விலைகளின் கூட்டல். காப்பீட்டில் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ஆறு ஆண்டு ஓடிய வாஷிங் மெஷினுக்குப் புது விலை கிடைக்காது.

அதே நேரத்தில், உரிமை இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. சிறிய நிறுவனம் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே உண்மையான பாலிசி, இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 லட்ச ரூபாய்க்கு, நியாயமான பிரிமியத்தில் கிடைத்தால் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். பிரிமியத்தைக் குறைக்க 50,000 என்று எழுதிவிடாதீர்கள்; மதிப்பைக் கால்பங்காக எழுதினால் இழப்பீட்டையும் கால்பங்காக வெட்டுவார்கள். வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாமல் டி.வி. ஓடாமல் போனால் சாதாரணப் பாலிசியில் அது அடங்காது. நகையும் பணமும் பத்திரங்களும் எதிலும் அடங்காது. அவை உங்கள் கைப்பையில் வரட்டும். லாரிக்காரரின் வண்டிக் காப்பீடு உங்கள் சாமானைக் காக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கையெழுத்தும் டெல்லி நீதிமன்றமும்

2019-இல் நடந்ததற்கு இன்று பரிகாரம் தேடுவது வீண். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டுகள்தான் காலவரம்பு. தாமதத்தை மன்னிக்கக் கோரலாம் என்றாலும், "டெல்லி என்று அச்சடித்திருந்தது" என்பது இத்தனை ஆண்டுத் தாமதத்துக்குப் போதுமான காரணமாகாது. ஆனால் அன்று நீங்கள் நம்பியது தவறு என்பதை இன்றைக்காகச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டவுனில் குடியேறிய பிறகு திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு உரிய இடம். பில்லில் அச்சடித்த ஊர்ப் பெயர் அந்த உரிமையைப் பறிக்காது. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமல்ல. வேண்டுமானால், பெண் என்ற அடிப்படையிலேயே, வருமான வரம்பின்றி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

"ஓனர் ரிஸ்க்", அதாவது சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு, என்று அச்சடித்த தாளில் கையெழுத்திட்டாலும் அது உங்கள் கதையை முடித்துவிடாது. சரக்கு ஏற்றுபவரின் கவனக்குறைவை வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற சட்டக் கோட்பாடு நுகர்வோர் மன்றத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற கையெழுத்து வேறு வகை. அது உங்களுக்கு எதிரான சாட்சி. இம்முறை இறக்கி முடித்ததும், ஆட்கள் அவசரப்படுத்தினாலும், பெற்றுக்கொண்ட தாளில் உங்கள் கையால் எழுதுங்கள்: "பெட்டிகள் 34-இல் 33 வந்தன. எண் 17 வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் புதிய நசுங்கல். பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை." அதன் கீழே கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் இருந்தால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்குச் சட்டப்படி வழக்கு நிற்காது. ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுபடியும் வழியில் ஓரம் கட்டினால்? பேசிய வாடகையில் பாக்கி இருந்தால் அதற்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பேசாத தொகைக்குக் கிடையாது. ஒப்படைத்த சரக்கைச் சரக்கு ஏற்றுபவரே கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். பட்டியலும் எழுத்து மூலமான தொகையும் வண்டி எண்ணின் படமும் உங்கள் கைபேசியில் இருந்தால், 112-ஐ அழைக்கும்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். பணத்தை முன்பணமாகக் கொஞ்சம், ஏற்றி முடித்து எல்.ஆர். எனும் லாரி ரசீது கைக்கு வந்ததும் பாதி, இறக்கிய பிறகு மீதி என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், தனிநபர் எண்ணுக்கு வேண்டாம்.

ஆனியா, ஆடியா?

ஆனி முடிவதற்குள் எல்லாச் சாமானும் வந்துவிட வேண்டும் என்று அத்தை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆடியில் குடி புகமாட்டார்கள் என்பதால் ஆனி கடைசி வாரத்தில் எல்லோரும் வண்டி தேடுவார்கள்; விலை ஏறும். அதோடு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். தேர் ஓடும் நாட்களில் ரத வீதிக்குள் லாரியைக் கொண்டுவருவதை மறந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஏற்கிற வழி ஒன்று இருக்கிறது. ஆனியில் நல்ல நாள் பார்த்து, குத்துவிளக்கும் உப்பும் மஞ்சளும் ஒரு பால் பாத்திரமுமாக நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, அத்தை கையாலேயே பால் காய்ச்சிவிடுங்கள். அத்தோடு குடி புகுந்ததாகிவிடும். கணவரும் வேலையில் சேர்ந்துகொள்ளலாம். அம்பத்தூர் வீட்டுக்கு ஜூலை முழுவதற்கும் எப்படியும் வாடகை கொடுத்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சாமான், வண்டிகள் சும்மா நிற்கும் ஆடி முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ வரட்டும். அந்த நாளைச் சொல்லித்தான் இரண்டாவது நிறுவனத்திடம் 32,000-க்குப் பேச வேண்டும். அத்தை சம்மதிப்பாரா என்பதை மட்டும் நான் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். அத்தையின் அடுக்களையில் இணைப்பு ஏற்கெனவே இருப்பதால், அம்பத்தூர் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி யானை வாடகைக்கு அது உதவும்.